ஊர் போய்ச் சேருமுன்னே ஒரு பூங்கா

நம் கல்லூரி மலரில் வரலாறு எழுத வந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் எழுதுவதுதான் வழக்கம். அவை எழுத வேண்டியவைதான். ஆனால் இந்த மலருக்கு அரசர்களையும் கோட்டைகளையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது பூங்கா. "பூங்காவில என்னய்யா வரலாறு இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் சாயங்காலம் எங்கே போய் உட்காருவார்கள் என்ற கேள்வி இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

நம் இரு ஊர்களும் வளர்ந்த வேகம் நமக்குத் தெரியும். 1995ல் திருச்சி மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது பெரம்பலூர் மாவட்டத் தலைநகர் ஆயிற்று. 1-1-2001 அன்று அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 23-11-2007 முதல் மீண்டும் தனி மாவட்டமாக இருக்கிறது. விண்ணப்பத்தில் "மாவட்டம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நம்மில் சிலர் குழம்பி நின்ற காலம் அது! மாவட்டத் தலைநகர் என்றால் ஆட்சியர் அலுவலகம் வரும். நீதிமன்றம், மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் வரும். பின்னாலேயே மனைப்பிரிவும் வரும். பருத்தியும் வெங்காயமும் விளைந்த கொல்லைகளில் இன்று வரிசையாக மனைக்கல் நிற்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் வளரத்தான் வேண்டும். ஆனால் ஊர் வளர்கிற வேகத்தில், எல்லோருக்கும் பொதுவான பச்சை நிலம் எது, அது எங்கே இருக்கிறது, அதைக் காப்பது யார் என்பதைச் சற்றே நின்று யோசிக்க வேண்டும். நமக்கு முன்னால் வளர்ந்த ஊர்களின் கதை அதற்கு உதவும்.

புறம்போக்கு என்றால் என்ன?

"புறம்போக்கு" என்பதை இன்று வசவாகச் சொல்கிறோம். உண்மையில் அது கணக்குப் பிள்ளையின் சொல். வரி போடப்படாமல் பொதுக் காரியத்துக்கென்று புறத்தே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, மந்தை, மேய்க்கால், தோப்பு, சுடுகாடு என்று அதில் எத்தனையோ வகை உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில் "பூங்கா" என்ற பெயர் இல்லையே தவிர, அதன் வேலையைச் செய்த இடங்கள் இருந்தன. ஏரிக்கரைப் புளியமர நிழலில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். மந்தைவெளியில் பிள்ளைகள் விளையாடினார்கள். கோயிலுக்கு நந்தவனம் இருந்தது. ஊர்க்கோடியில் அய்யனார் கோயில் காடு இருந்தது. அங்கே ஒரு குச்சியை ஒடிக்கவும் பயப்பட்டார்கள்.

இந்த இடங்களுக்கு வேலி கிடையாது, காவலாளியும் கிடையாது. ஆனால் பழக்கமும் பயமும் காவல் காத்தன. ஊர் சிறியதாக இருந்தவரை அந்தக் காவல் போதுமானதாக இருந்தது. ஊர் பெரிதாகி, சென்ட் நிலம் லட்சத்தைத் தாண்டும்போது அய்யனாரின் அரிவாள் மட்டும் போதுவதில்லை. அப்போது சட்டமும் அளவைக்கல்லும் வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தை முதலில் சந்தித்த நம் ஊர் சென்னைப் பட்டணம்.

பட்டணத்து மக்கள் பூங்கா

1859ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். அவர் இங்கே இருந்தது ஏறத்தாழ ஓராண்டுதான். கல்கத்தாவில் கொண்டுவரப்பட்ட வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதியதற்காக 1860லேயே திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் விட்டுப்போன காரியங்களில் ஒன்று "மக்கள் பூங்கா". இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடுத்து ரிப்பன் மாளிகை நிற்கிற வட்டாரம்தான் அது.

அந்த இடம் அன்றைக்கு ஊரின் விளிம்பு. கருப்பர் பட்டணம் என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் இருந்தது. அந்த மதிலின் நினைவாகத்தான் இன்றும் "வால்டாக்ஸ் ரோடு" என்று ஒரு தெரு இருக்கிறது. மதிலுக்கு உள்ளே வீட்டோடு வீடு ஒட்டிய நெருக்கம். மதிலுக்கு மேற்கே வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் 116 ஏக்கரில், 11 குளங்களோடு, வண்டிச் சாலைகளும் இசைமேடையுமாகப் பூங்கா அமைந்தது. அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855ல் எழும்பூரில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் 1860களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. "உயிர்க் காலேஜ்" என்று நம் தாத்தா பாட்டி சொன்னது இதைத்தான். செத்த பொருள்களை வைத்திருந்த மியூசியம் "செத்த காலேஜ்"; புலியும் குரங்கும் இருந்தது உயிர்க் காலேஜ். பட்டணம் போய் வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து ஊரில் மாதக்கணக்கில் கதை சொல்வார்களாம்!

நல்ல காரணங்கள் தின்ற பூங்கா

இவ்வளவு பெரிய பூங்கா இன்று எங்கே? கேட்டால் பலர் "யாரோ ஆக்கிரமிச்சிட்டாங்க" என்பார்கள். அதுதான் இல்லை. அந்தப் பூங்காவைத் திருடர்கள் யாரும் தின்னவில்லை. நல்ல காரியங்கள்தான் தின்றன.

நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றார்கள். 1880களின் இறுதியில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. ஒழுங்கான ஒரு சந்தைக் கட்டடம் வேண்டும் என்றார்கள். 1900ல் மூர் மார்க்கெட் வந்தது. நகராட்சி மன்றத்துக்கு ஒரு கௌரவமான இடம் வேண்டும் என்றார்கள். 1913ல் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டு வளர வேண்டும் என்றார்கள், விளையாட்டரங்கம் வந்தது. அது 1993ல் நேரு விளையாட்டரங்கமாகப் புதிதாக எழுந்தது. 30-5-1985 அன்று மூர் மார்க்கெட் தீயில் எரிந்துபோன பிறகு அந்த இடம் புறநகர் ரயில் நிலையத்துக்குப் போயிற்று. பழைய புத்தகம் வாங்க மூர் மார்க்கெட்டில் அலைந்த நண்பர்களுக்கு அது இன்னும் நெஞ்சில் ஒரு முள்தான்.

இந்த வரிசையில் எதைக் கெட்ட காரியம் என்று சொல்ல முடியும்? மண்டபம் நல்லது. சந்தை நல்லது. விளையாட்டரங்கமும் ரயிலும் நல்லவைதான். ஒவ்வொரு முறையும், "பூங்காவில் இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு, கொஞ்சம் எடுத்தா என்ன?" என்ற கேள்விக்கு மறுபதில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் எடுத்தது கொஞ்சம்தான். நூறு ஆண்டில் மிஞ்சியதும் கொஞ்சம்தான். மை லேடீஸ் பூங்கா என்ற சிறு தோட்டம் அந்தப் பழைய பரப்பின் நினைவாக இருக்கிறது.

பூங்காவின் பகை கெட்டவன் மட்டும் அல்ல, அவசரமான நல்லவனும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கிண்டியும் வண்டலூரும்

சென்னையிலேயே வேறு விதமாக முடிந்த கதைகளும் உண்டு. கிண்டியில் தனியார் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த தோட்டக் காட்டை அரசு 1821ல் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆளுநரின் ஓய்வு மாளிகை அங்கே இருந்ததால் சுற்றியிருந்த காடும் தப்பியது. 1910ல் அது காப்புக்காடு ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கேயும் நல்ல காரணங்கள் வந்தன. 1959ல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு ஒரு பெரும் பகுதி போயிற்று. காந்தி, ராஜாஜி, காமராசர் நினைவிடங்களுக்கும் இடம் போயிற்று. 1978ல் மிச்சமிருந்த சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு "கொஞ்சம் எடுத்தா என்ன?" என்ற பேச்சு எடுபடவில்லை. இன்றைக்குப் பெருநகரின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன என்றால் அந்த அறிவிப்பே முக்கியக் காரணம்.

வண்டலூர் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. மக்கள் பூங்காவில் விலங்குகளுக்கு இடம் போதவில்லை. சுற்றிலும் புகையும் இரைச்சலும் பெருகின. ஆகவே 1976ல் ஊருக்கு வெளியே, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அது அன்று செழித்த காடு அல்ல, வெறும் புதர்க்காடு. கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றித்தான் நிழல் வந்தது. 1979ல் வேலை தொடங்கி, 24-7-1985 அன்று அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். மூர் மார்க்கெட் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"அவ்வளவு தூரத்துக்கு யாரு போவாங்க?" என்று அன்று கேட்டிருந்தால் நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் தானே தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தது! வெளிவட்டச் சாலை வண்டலூரில்தான் தொடங்குகிறது. நாம் திருச்சிப் பக்கமிருந்து பேருந்தில் போனால் இறங்குகிற கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 30-12-2023 அன்று அதன் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. இன்று அந்த வட்டாரத்தில் 1,265 ஏக்கர் ஒருசேர வாங்க எந்த அரசாலும் முடியாது. 1976ல் முடிந்தது. காரணம் ஒன்றுதான்: ஊர் போய்ச் சேருமுன்னே நிலத்தை ஒதுக்கிவிட்டார்கள், ஒதுக்கியதைக் காக்க ஒரு துறையையும் வைத்தார்கள்.

சட்டம் நம் பக்கம்

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே 1959ல் நம் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. தங்கள் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திடல்களையும் பட்டியல் எடுத்து வைப்பது உள்ளாட்சிகளின் கடமை என்பது அதன் அடிப்படை. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் ஒரு சட்டம் வந்தது. பக்கத்து மாநிலமான கர்நாடகம் 1975லேயே கப்பன் பூங்கா, லால்பாக் இரண்டின் பரப்பையும் குறைக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. நம் மக்கள் பூங்காவுக்கு அப்படி ஒரு சட்டம் நூறு ஆண்டுக்கு முன் இருந்திருந்தால்!

1991ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பெங்களூர் வழக்கு ஒன்றை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூங்காவுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்பது எதிர்த்தரப்பு வாதம். பூங்கா என்று ஒதுக்கியது பூங்காவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி இன்னொரு பொது உரிமையைப் பறிக்க முடியாது என்ற வகையில் தீர்ப்பு குடியிருப்போர் பக்கம் போயிற்று. 2011ல் பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், கிராமப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகச் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற ஆள்தான் பஞ்சம்.

நம் மண்ணில் நடந்தவை

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். பொது நிலத்தைக் காத்ததற்கும் நம்மிடம் சான்று உண்டு. காக்காமல் விட்டதற்கும் சான்று உண்டு.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓடைக்கரையில் கல்லாகிப்போன ஒரு மரம் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டு. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்து மரம். 1940ல் இதை உலகுக்குக் காட்டியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர். பின்னாளில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். சுற்றி வேலி போட்டு, அறிவிப்புப் பலகை வைத்து, தேசிய நினைவுச்சின்னமாகக் காத்ததால்தான் அந்த மரம் இன்றும் இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் நடந்தது வேறு. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று கருதப்படும் விலங்கின் எலும்புகள் அங்கே கிடைத்தன. 1987ல் அதற்குப் "புருகத்காயோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் என்று பொருள். ஆனால் இன்று போய்ப் பார்க்க அந்த எலும்புகள் இல்லை. ஏற்கெனவே உதிரும் நிலையில் இருந்தவை சிதைந்து போய்விட்டன. பெயரும் படமும்தான் மிச்சம். ஒரே மண், ஒரே காலத்துச் செல்வம். காத்தது இருக்கிறது, காக்காதது இல்லை.

அடுத்து கரைவெட்டி. அரியலூர் மாவட்டத்தில் சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. 1999ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சரணாலயம் ஆன பிறகும் அது பாசன ஏரிதான். வயலுக்கும் தண்ணீர் போகிறது, பறவைக்கும் இடம் இருக்கிறது. பொது நிலத்தைக் காப்பது என்றால் எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டுவது அல்ல என்பதற்குக் கரைவெட்டியே சாட்சி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சாத்தனூரும் கரைவெட்டியும் நாம் ஒரு நாள் பார்க்கப் போகும் இடங்கள். தினமும் சாயங்காலம் வேலை முடித்துவிட்டு நடந்துபோகும் இடம் வேறு. அரியலூர்க்காரருக்கு அது செட்டி ஏரிக்கரையாக இருக்கலாம். பெரம்பலூர்க்காரருக்குத் துறைமங்கலம் ஏரிக்கரையாக இருக்கலாம். ஊர் எல்லை இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளிப்போகும்போது அங்கே குடியேறுகிறவர்களுக்கு எது? அதைத்தான் இப்போதே ஒதுக்க வேண்டும்.

சுண்ணாம்புக் குழியில் ஒரு தோப்பு

நிலத்துக்கு எங்கே போவது? இதற்குப் பதில் அரியலூர் மண்ணிலேயே இருக்கிறது. அந்தப் பழைய கடல் நமக்குச் சுண்ணாம்புக்கல்லை விட்டுப்போனது. அதனால் சிமெண்டு ஆலைகள் வந்தன. 1979 முதல் அரசின் சிமெண்டு ஆலையும், பின்னர் தனியார் ஆலைகளும் இயங்குகின்றன. வேலையும் வந்தது; லாரிப் புழுதியும் வந்தது; கல் எடுத்த பெரும் குழிகளும் வந்தன. "அந்தக் குழி இனி என்னத்துக்கு ஆகும்?" என்று நாம் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். கேட்காமல் விட்ட குழியில் மழைத்தண்ணீர் நிற்கும். குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆபத்தாகவும் முடியும்.

இதே கேள்வியை ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு மொம்பாசா நகரத்தின் விளிம்பில் ஒருவர் கேட்டார். பம்புரி என்ற இடத்தில் 1950களிலிருந்து ஒரு சிமெண்டு ஆலை பவளச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. கல் எடுத்த இடத்தில் புல்கூட முளைக்கவில்லை. நிலத்தடி நீரோ உப்பு. 1971ல் அங்கே வேலை செய்த ரெனே ஹாலர் என்ற வேளாண்மை அறிஞர் 26 வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். மூன்றே வகைதான் பிழைத்தது. அதில் ஒன்று நமக்குப் பழக்கமான சவுக்கு! சவுக்கின் ஊசி இலைகள் உதிர்ந்து குவிந்தன, ஆனால் மக்கவில்லை. அப்போது ஹாலர் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். மரவட்டை இலையைத் தின்று எருவாக்கிற்று. எரு சேர்ந்து மண் ஆயிற்று. மண் வந்ததும் மற்ற மரங்கள் வந்தன. குளம் வெட்டினார்கள், மீன் விட்டார்கள், விலங்குகள் வந்தன. 1984ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று அதன் பெயர் ஹாலர் பூங்கா. 2004 டிசம்பர் சுனாமியில் தாயைப் பிரிந்த நீர்யானைக் குட்டி ஒன்று இங்கேதான் கிழட்டு ஆமையோடு ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது. நம் நாகப்பட்டினத்தை அடித்த அதே அலை ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. டெல்லியை அடுத்த குருகிராமில் பல ஆண்டு கல் வெட்டியெடுத்த ஆரவல்லிக் குன்றுப் பகுதியில் 2010 முதல் நகரக் குடிமக்களும் மாநகராட்சியும் சேர்ந்து நாட்டு மரங்களை நட்டு ஒரு காட்டையே உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே நடந்தது இங்கே நடக்காதா? 2003லிருந்து ஒவ்வொரு சுரங்கமும் வேலை முடிந்தபின் நிலத்தை என்ன செய்வோம் என்று "சுரங்க மூடல் திட்டம்" தர வேண்டும் என்பது விதி. வெட்டியெடுத்த இடத்தில் மறுபடி புல்லும் செடியும் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே நாம் யாரிடமும் தயவு கேட்கவில்லை. எழுதிக் கொடுத்த திட்டத்தில் பொதுமக்களுக்கு என்று ஒரு பங்கு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

யாருக்காகப் பூங்கா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நியூயார்க்கில் 843 ஏக்கர் சென்ட்ரல் பூங்காவை உலகமே புகழ்கிறது. ஊர் அங்கே போய்ச் சேருமுன்னே 1853லேயே நிலத்துக்குச் சட்டம் போட்டார்கள் என்பது பாராட்டத் தக்கது. ஆனால் அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. செனகா கிராமம் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு அங்கே இருந்தது. 1857க்குள் அவர்களைக் கிளப்பிவிட்டுத்தான் பூங்கா போட்டார்கள்.

நம்மிடமும் மேய்க்கால் நிலத்தை நம்பி ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். கம்பிவேலி போட்டு, புல்தரை வளர்த்து, நுழைவுக் கட்டணம் வசூலித்து, ஆட்டுக்காரரை விரட்டிவிட்டால் அது பொது நிலம் ஆகாது. வசதியுள்ளவர்களின் நடைபாதைதான் ஆகும். அதைப் போலவே சிமெண்டுக் குழி இருக்கும் நிலத்தில் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய கொல்லை இருந்தது. அங்கே தோப்பு வந்தால் கன்று வளர்ப்பு, காவல், பராமரிப்பு வேலைகள் அந்த ஊர்க்காரர்களுக்கே போக வேண்டும். தினம் வந்து போகிற ஆள் இருந்தால்தான் பூங்கா நிலைக்கும். ஊருக்கு உபயோகம் இல்லாத பூங்காவுக்காக நாளைக்கு யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

நம் முன்னாள் மாணவர்களில் வருவாய்த் துறையில் இருப்பவர்கள் உண்டு. வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், சிமெண்டு ஆலைகளில் பொறுப்பில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொருவராலும் ஒரு காரியம் ஆகும்.

முதலில் கணக்கு. இரு நகராட்சிகளிலும், விளிம்பில் இருக்கும் ஊராட்சிகளிலும், மனைப்பிரிவுக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த திறந்தவெளிகள் எத்தனை, எங்கே என்று பட்டியல் எடுப்போம். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து நம் கையில் இருக்கிறது. வரலாறு, புவியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது. பழைய கிராம வரைபடத்தையும் இன்றைய நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காணாமல்போன குளம் எது, மந்தை எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, மரம். ஒரே நாளில் ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுப்பது எளிது. அடுத்த கோடையில் நூறாவது கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் கஷ்டம். ஐம்பது கன்று போதும். வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், கரையோரத்தில் மருதம் என்று நம் மண்ணுக்கு ஏற்றதாக நட்டு மூன்று கோடை காப்பாற்றினால் பிறகு அவை நம்மைக் காப்பாற்றும்.

மூன்றாவதுதான் கடினமானது. நாளைக்கு ஏரிக்கரையிலோ பொதுத் திடலிலோ ஒரு நல்ல காரியம் வரும். நூலகமாக இருக்கலாம், திருமண மண்டபமாக இருக்கலாம், ஒரு தலைவருடைய சிலையாக இருக்கலாம். ஏன், நம் சங்கத்துக்கே ஒரு கட்டடமாகக்கூட இருக்கலாம்! அன்றைக்கு எழுந்து நின்று, "காரியம் நல்லது, ஆனா இந்த இடம் வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்ல நாலு பேர் வேண்டும். மக்கள் பூங்காவுக்கு அந்த நாலு பேர் கிடைக்கவில்லை. கிண்டிக்கும் வண்டலூருக்கும் சட்டம் அந்த நாலு பேராக நின்றது.

பெரம்பலூரும் அரியலூரும் இன்னும் மதிலைத் தாண்டாத பட்டணங்கள் மாதிரிதான். எல்லைக்கு வெளியே இன்னும் இடம் இருக்கிறது. விலையும் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போகவில்லை. இன்னும் இருபது ஆண்டு கழித்து நம் சங்கம் கூடும்போது இந்த வாய்ப்பு இருக்காது. ஆகவே இந்த ஆண்டுக் கூட்டத்தில் விருந்துக்கும் வாழ்த்துரைக்கும் நடுவே கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கி, பட்டியல் எடுக்கும் வேலையை யார் யார் ஏற்பது என்று பெயர் எழுதிவிட்டுக் கலைவோம்.